பழைய போனுக்குப் புதிய அன்ட்ரொய்ட்: ரொம் போர்ட்டிங்கில் முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

திருகோணமலையில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் பழைய போன் ஒன்றாவது கிடக்கும். திரை வடிவாக இருக்கும், கமரா நன்றாகப் படம் எடுக்கும், சிம் போட்டால் கதைக்கலாம். ஆனால் பிள்ளையின் வகுப்புக்குத் தேவையான அப் இறங்காது, சில இணையத்தளங்களைத் திறந்தால் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வரும். போனில் பழுது எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் அன்ட்ரொய்ட் பதிப்புக்குத்தான் வயதாகிவிட்டது.

அந்தச் சான்றிதழ் எச்சரிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. உலகத்தில் ஏராளமான இணையத்தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழைப் பாவிக்கின்றன. அதன் மூலச் சான்றிதழை அன்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்தைய போன்களுக்குத் தெரியாது. இடைக்கால ஏற்பாடு ஒன்றால் சில காலம் ஓடியது; அதுவும் 2024 செப்டம்பரில் முடிந்தது. தயாரித்த கம்பனி புதிய பதிப்பு தராது. 2022இல் ரூபாய் சரிந்ததிலிருந்து புதுப் போன் வாங்குவதும் எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. அந்த இடத்தில்தான் கஸ்டம் ரொம் கைகொடுக்கிறது: கம்பனி தந்த அன்ட்ரொய்ட்டுக்குப் பதிலாக மற்றவர்கள் கட்டித் தரும் அன்ட்ரொய்ட் தொகுப்பு அது. உங்கள் போனுக்கு யாரும் செய்து வைக்காவிட்டால், நீங்களே போர்ட் செய்யலாம்.

உப்புவெளி, அன்புவழிபுரம், கிண்ணியா, மூதூர் என்று பல பக்கத்தில் இருந்தும் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினி படிப்பவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. ஒரு பழைய போனை எழுப்பி நிறுத்தும்போது லினக்ஸ், சி மொழி, மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், அனுமதி முறைகள் எல்லாம் கையோடு பழகிவிடும். ஆறுதலாகச் செய்தால் செய்யக்கூடிய வேலைதான்.

போர்ட் செய்வது என்றால் என்ன

அன்ட்ரொய்ட்டை நாம் எழுதப் போவதில்லை. அது ஏற்கனவே எழுதியிருக்கிறது, மூலநிரலும் திறந்து கிடக்கிறது. பழைய வீட்டு நிலைக்குப் புதுக் கதவு பூட்டுவது போன்ற வேலை இது: கதவு எங்கேயோ செய்து வந்துவிட்டது, நிலையின் அளவெடுத்துச் சீவிப் பொருத்துவதே தச்சனின் பாடு. போனில் அந்த அளவும் பிணைச்சலும் மூன்று இடங்களில் இருக்கின்றன.

முதலாவது கேர்னல். சிப், திரை, தொடுதிரை, வைஃபை எல்லாவற்றோடும் நேரே கதைக்கும் லினக்ஸ் பகுதி அது. லினக்ஸ் கேர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், போனை விற்ற கம்பனி தன் கேர்னல் மூலநிரலை வெளியிட வேண்டும். சம்சுங் அதற்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறது. சில மலிவு மீடியாடெக் போன்களுக்கு மூலநிரல் வெளிவருவதே இல்லை. அப்படியான போனைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். இரண்டாவது டிவைஸ் ட்ரீ: இந்தப் போனில் என்ன சிப், எந்தப் பார்ட்டிஷன் (சேமிப்பகப் பிரிவு) எவ்வளவு பெரியது, எந்தெந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்று விவரிக்கும் கோப்புக்கள். மூன்றாவது வெண்டர் புளொப்கள். கமரா, மொடெம், கிராபிக்ஸ் முதலியவற்றுக்குக் கம்பனி மூலநிரல் தராமல், ஏற்கனவே கம்பைல் செய்து கொடுத்த கோப்புக்கள் இவை. திருத்த முடியாது, அப்படியே எடுத்துப் பாவிக்க வேண்டும். போர்ட்டிங்கில் வருகிற தலையிடியில் பெரும்பகுதி இந்த மூன்றாவதில் இருந்துதான் வரும்.

எல்லாப் போனுக்கும் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்ட்ரொய்ட் 8.0, 2017இல் வந்தபோது கூகுள் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கம்பனியின் பகுதி தனிப் பார்ட்டிஷனில், அன்ட்ரொய்ட் தனிப் பார்ட்டிஷனில். 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த போன் என்றால், ஜிஎஸ்ஐ எனப்படும் பொதுவான சிஸ்டம் கோப்பை அப்படியே பிளாஷ் செய்து, அதாவது போனின் சேமிப்பகத்தில் நேரே எழுதிப் பார்க்கலாம். பல போன்களில் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் போன் அந்த வகை என்றால் முதலில் அதைச் செய்து பாருங்கள். இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய போன்களுக்கானது.

இன்னொரு குறுக்கு வழியும் காதில் விழும்: ஒரே சிப் உள்ள வேறொரு போனின் ரொம் ஸிப் கோப்பை எடுத்து, சில கோப்புக்களை மட்டும் மாற்றி உங்கள் போனில் ஏற்றுவது. கிட்கட் (அன்ட்ரொய்ட் 4.4) காலத்தில் அது ஓடியது. இப்போதைய பதிப்புகளில் எந்தச் சேவை எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்ஈலினக்ஸ் அனுமதிகளும் ஒன்றையொன்று சார்ந்த கோப்புக்களும் அதிகம். எதோ ஒன்று உடைந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. மூலநிரலில் இருந்து கட்டுங்கள்.

போனை முதலில் அறியுங்கள்

உதாரணத்துக்கு சம்சுங் கலக்ஸி எஸ்5ஐ எடுத்துக்கொள்கிறேன். 2014 ஏப்ரலில் அன்ட்ரொய்ட் 4.4.2உடன் வந்த போன், கம்பனி கடைசியாகத் தந்தது 6.0.1. தன்னார்வலர்கள் கட்டும் கஸ்டம் ரொம்மான லினியேஜ் ஓஎஸ் இதை 18.1 வரை, அதாவது அன்ட்ரொய்ட் 11 வரை, அதிகாரப்பூர்வமாகக் கொண்டுவந்தது. மூலநிரல் இன்றும் இருக்கிறது. கற்க இதைவிடத் தோதான போன் குறைவு.

பின் மூடியைக் கழற்றி, பட்டரியை வெளியே எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மொடல் இலக்கம் இருக்கும். எஸ்எம்-ஜி900எஃப் என்றால் ஸ்னாப்டிராகன் 801 சிப். எஸ்எம்-ஜி900எச் என்றால் சம்சுங்கின் எக்ஸினொஸ் சிப். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வேறு வேறு போன்கள். ஒன்றின் ரொம் மற்றதில் ஓடாது. மெனுவில் காட்டும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், ஏற்கனவே யாரோ வேறு ரொம் போட்டிருந்தால் அது மாறியிருக்கலாம். தாளையும் பாருங்கள், டவுன்லோட் மோட் (கணினியில் இருந்து போனில் எழுதும் நிலை; அதற்குப் போகும் வழி கீழே) திரையில் வரும் இலக்கத்தையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையை மாற்றிய போனாக இருக்கலாம்; டவுன்லோட் மோட் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணிசமான போன்கள் வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்தவை. கனடாவில் இருந்து வந்த ஜி900டபிள்யூ8 என்றால் பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் ஏடி அன்ட் டி, வெரைசன் கம்பனிகள் விற்ற ஜி900ஏ, ஜி900வி போன்களின் புட்லோடர், அதாவது போனை எழுப்பும் முதல் நிரல், வேறு ரொம்மை ஏற்காதபடி பூட்டியே வரும். உங்கள் கையில் இருப்பது அதுவானால் வேறு போன் தேடுங்கள்.

அப்புறம் கடற்கரை ஊருக்கே உரிய விஷயம். எஸ்5இன் சார்ஜ் துளைக்கு ஒரு சிறிய ரப்பர் மூடி உண்டு. பழைய போன்கள் பலவற்றில் அது கழன்று தொலைந்திருக்கும். உப்புக் காற்று பட்டுப் பட்டு உள்ளே உள்ள செப்புப் பின்கள் பச்சை பூத்துவிடும். சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. அல்லது கேபிளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் கணினி போனை அடையாளம் காணும். இந்த நிலையில் பிளாஷ் செய்யத் தொடங்கினால் பாதியில் இணைப்பு அறுந்துபோகும். போனை அணைத்து, பட்டரியைக் கழற்றி, ஐசொபுரொப்பில் அல்கஹோல் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்படியும் ஆடினால் என்.சி. வீதிப் பக்கம் போன் திருத்தும் கடை ஒன்றில் துளையை மாற்றிய பிறகு வாருங்கள். பட்டரி சற்றேனும் உப்பியிருந்தால் அதைப் பாவிக்கவே கூடாது, புதிது வாங்கிப் போடுங்கள்.

எந்தப் பதிப்பு வரை போகலாம்

தொடங்குபவர்கள் எல்லோரும் ஆகப் புதிய பதிப்பைத்தான் கேட்பார்கள். கேர்னலைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எஸ்5இன் கேர்னல் 3.4. அன்ட்ரொய்ட் 12இல் கூகுள் இணையப் போக்குவரத்தைக் கணக்கெடுத்துக் கட்டுப்படுத்தும் வேலையை ஐபிடேபிள்ஸில் இருந்து ஈபிபிஎஃப் என்ற முறைக்கு மாற்றியது. பழைய கேர்னல்களில் அது இல்லை. 2022இல் லினியேஜ் 19 வந்தபோது பழைய கேர்னல் போன்கள் பல பட்டியலில் இருந்து விழுந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். சிலர் அந்த மாற்றத்தைத் திருப்பி எழுதி 12க்கு அப்பாலும் பழைய போன்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது தேர்ந்தவர்களின் வேலை. முதல் தடவை அன்ட்ரொய்ட் 11ஐக் குறியுங்கள். 6.0.1இல் தேங்கிய போனுக்கு அதுவே பெரிய எழுச்சி: சான்றிதழ் பிரச்சினை தீரும், பெரும்பாலான அப்கள் இறங்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரொம் புதிதானாலும் வெண்டர் புளொப்களும் மொடெமும் பழையவைதான். அவற்றில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்கப் போவதில்லை. பெரிய பணம் புழங்கும் வங்கிக் கணக்கை இந்தப் போனில் வைக்க வேண்டாம்.

கணினி, டேட்டா, கரண்ட்

உபுண்டு ஓடும் 64-பிட் கணினி, 16 ஜிபி ரம், 300 ஜிபிக்குக் குறையாத வெற்றிடம். எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் பில்ட் செய்ய (மூலநிரலில் இருந்து ரொம்மைக் கட்ட) பொறுமை வேண்டும். 8 ஜிபி ரம்முடன் முயன்றால், மெட்டலாவா என்ற படியில் நினைவகம் போதாமல் பில்ட் செத்துவிடும். ஸ்வொப் இடத்தைப் பெரிதாக்கினால் ஊர்ந்து ஊர்ந்து முடியும்.

மூலநிரலை இறக்குவதுதான் பலரை முதல் அடியிலேயே களைக்க வைக்கும். ரெப்போ என்ற கருவி நூற்றுக்கணக்கான கிட் களஞ்சியங்களை ஒன்றாக இழுக்கும். வரலாறு முழுவதையும் இழுத்தால் டேட்டா தாங்காது. ரெப்போ இனிட் கட்டளையில் ஆழத்தை 1 என்று வையுங்கள், ரெப்போ சிங்க் கட்டளையில் நடப்புக் கிளை மட்டும், டேக் வேண்டாம் என்ற தெரிவுகளைச் சேருங்கள். அப்படியும் 50 ஜிபிக்கு மேல் வரும். மொபைல் டேட்டாவில் இதைத் தொடங்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டில், நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் போடலாம். ஒரே நேரத்தில் இறங்கும் களஞ்சியங்களின் எண்ணிக்கையை 4 என்று குறைத்து வையுங்கள். இணைப்பு அறுந்தால் முடிந்த களஞ்சியங்கள் தப்பும். பாதியில் நின்ற களஞ்சியம் முதலில் இருந்துதான் தொடங்கும். பெரிய களஞ்சியம் ஒன்று திரும்பத் திரும்ப அறுந்தால், அதன் பெயரை மட்டும் கொடுத்துத் தனியாகச் சிங்க் செய்யுங்கள்.

கரண்டும் அதே அளவு முக்கியம். 2022இல் 13 மணி நேர மின்வெட்டை எல்லோரும் அனுபவித்தோம். இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும், மார்கழி மழைக் காற்றில் எந்த நேரமும் கரண்ட் போகலாம். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் வையுங்கள். லப்டொப் நல்ல தெரிவு. போனைப் பிளாஷ் செய்யும் வேலையை மட்டும் ஒருபோதும் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் செய்ய வேண்டாம்.

இவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சேர்வர். இறக்குவதும் கட்டுவதும் அங்கேயே நடக்கும், கடைசியில் வரும் ஸிப் கோப்பை மட்டும் வீட்டுக்கு இறக்கினால் போதும். அது ஒரு ஜிபியைத் தாண்டாது. வளாகத்தில் படிப்பவர்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு அங்குள்ள கணினியையும் பாவிக்கலாம்.

தொடும் முன் காப்பு

நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் ஐஎம்ஈஐ வரும். கொப்பியில் எழுதி வையுங்கள். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் போன் இருக்கிறதா என்றும் தெரியும். கைமாறி வந்த போன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், சம்சுங் கணக்கு இருந்தால் அதன் பூட்டையும் எடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு பழைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அம்மாவின் போன் என்றால் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து, அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ரிக்கவரி: அன்ட்ரொய்ட்டுக்கு வெளியே தனியாக எழும்பி, ரொம் ஏற்றவும் பிரதி எடுக்கவும் உதவும் சிறு சிஸ்டம். மற்றக் கம்பனிப் போன்களில் கணினியில் இருந்து எழுதப் பாவிக்கும் ஃபாஸ்ட்புட் சம்சுங்கில் கிடையாது. போனை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தான், ஹோம், பவர் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டவுன்லோட் மோட் வரும். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி உறுதிசெய்யுங்கள். விண்டோஸில் ஓடின், லினக்ஸில் ஹைம்டால் கொண்டு டிடபிள்யூஆர்பி ரிக்கவரியை ஏற்றலாம். ஓடினில் 'ஒட்டோ ரீபுட்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். ஏற்றி முடிந்ததும் பட்டரியைக் கழற்றிப் போட்டு, ஒலி கூட்டும் பொத்தான், ஹோம், பவர் அழுத்தி நேரே ரிக்கவரிக்குள் போக வேண்டும். சாதாரணமாக எழும்ப விட்டால், சம்சுங்கின் பழைய சிஸ்டம் தன் ரிக்கவரியைத் திரும்ப எழுதிவிடும். இந்த இடத்தில் போனில் வேறு மென்பொருள் ஏறியதைக் குறித்து வைக்கும் நொக்ஸ் என்ற உள்ளுருகி எரிந்து நிரந்தரமாக 1 ஆகும். இந்த வயதுப் போனுக்கு வாரண்டி எப்படியும் இல்லை.

டிடபிள்யூஆர்பி திறந்ததும் செய்யும் முதல் வேலை ஈஎஃப்எஸ் பார்ட்டிஷனைப் பிரதி எடுப்பது. ஐஎம்ஈஐயும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் இடம் அது. பிரதி எடுக்கும் பட்டியலில் அது தானாகத் தெரிவு ஆகியிருக்காது, நீங்களே குறி போட வேண்டும். மெமரி கார்டில் ஒரு பிரதி, கணினியில் ஒரு பிரதி. ரொம் போனால் இன்னொன்று போடலாம். ஈஎஃப்எஸ் போனால் சிம் வேலை செய்யாத வெறும் திரைதான் மிஞ்சும்.

கட்டுதல்

முதல் நாளே போர்ட் செய்ய வேண்டாம். ஏற்கனவே ஓடுகிறது என்று தெரிந்த லினியேஜ் 18.1ஐ, ஒரு வரியும் மாற்றாமல் நீங்களே கட்டி உங்கள் போனில் எழுப்புங்கள். இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் இதைச் செய்யாமல் புதிதைக் கட்டி அது எழும்பாவிட்டால், குறை கணினியிலா, இறக்கத்திலா, மாற்றத்திலா என்று தெரியாமல் இருட்டில் தடவ வேண்டி வரும்.

மூலநிரல் இறங்கியதும், சூழலை அமைக்கும் ஸ்கிரிப்டை ஓட்டி, பிரேக்ஃபாஸ்ட் கட்டளையை கேஎல்டிஈ என்ற குறிப்பெயரோடு கொடுங்கள். எஸ்5இன் ஸ்னாப்டிராகன் வகைக்கு அதுதான் பெயர். டிவைஸ் ட்ரீ, அது சார்ந்திருக்கும் பொது ட்ரீக்கள், கேர்னல் எல்லாம் தாமாக இறங்கும். வெண்டர் புளொப் இல்லை என்று முதல் தடவை பிழை காட்டும், பயப்பட வேண்டாம். டிவைஸ் ட்ரீக்குள் எக்ஸ்ட்ராக்ட் ஃபைல்ஸ் என்றொரு ஸ்கிரிப்ட் இருக்கும். அது அதே பதிப்பு லினியேஜ் ஓடும் போனில் இருந்தோ, அதன் ஸிப் கோப்பில் இருந்தோ புளொப்களை இழுத்துத் தரும். பிறகு ரொம்மைக் கட்டும் பிரஞ்ச் கட்டளை. சிகேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்புக்கு 50 ஜிபி ஒதுக்கினால் இரண்டாவது பில்டில் இருந்து நேரம் வெகுவாகக் குறையும்.

அது போனில் எழும்பிய பிறகு, இரண்டாம் படி: அதே அன்ட்ரொய்ட் 11இல் வேறொரு ரொம். டிவைஸ் ட்ரீயைப் புதிய கிளையாகப் பிரதி எடுத்து, லினியேஜ் என்று தொடங்கும் எம்கே கோப்பின் பெயரைப் புதிய ரொம் எதிர்பார்க்கும் பெயருக்கு மாற்றுங்கள். உள்ளே லினியேஜின் பொது அமைப்புக் கோப்பை அழைக்கும் வரியை, புதிய ரொம்மின் அமைப்புக் கோப்பைச் சுட்டும்படி திருத்துங்கள். அன்ட்ரொய்ட் புரொடக்ட்ஸ் கோப்பிலும் அதே பெயர் வர வேண்டும். லினியேஜுக்கே உரிய சேவைகளைக் கேட்கும் வரிகள் பிழை காட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள், அல்லது அந்தப் பகுதியை லினியேஜில் இருந்து கொண்டுவாருங்கள். போர்ட்டிங்கின் அரிச்சுவடி இதுதான்.

மூன்றாம் படி, கை நன்றாகப் பழகிய பிறகு, ஒரு பதிப்பு மேலே. இங்கே நீங்கள் தனியாக இல்லை. ஸ்னாப்டிராகன் 800, 801 குடும்பத்தில் நெக்ஸஸ் 5, வன்பிளஸ் வன், எல்ஜி ஜி3, எக்ஸ்பீரியா இசட்2 என்று நிறையப் போன்கள் உண்டு. அவற்றில் யாராவது முதலில் மேலே ஏறியிருப்பார்கள். அந்த ட்ரீயின் கொமிட் வரலாற்றை, அதாவது கிட்டில் பதிந்த மாற்றங்களை, தேதி வரிசையில் வாசியுங்கள். எந்த மாற்றம் எதற்காக என்று செய்தியில் எழுதியிருக்கும். தேவையான மாற்றத்தை மட்டும் செரி-பிக் கட்டளையால் உங்கள் ட்ரீக்கு எடுங்கள், எழுதியவரின் பெயர் கொமிட்டில் அப்படியே இருக்கட்டும். இரண்டு பதிப்பை ஒரே தாவாகத் தாவ வேண்டாம்.

முதல் எழுச்சி, லொக்

ஸிப் கோப்பை மெமரி கார்டில் போட்டு, ஷா256 இலக்கம் கணினியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரிக்கவரியில் டேட்டாவை ஃபோர்மட் செய்து, சிஸ்டத்தையும் கேஷையும் துடைத்து, ஏற்றுங்கள். கூகுள் அப்கள் வேண்டுமானால் முதல் எழுச்சிக்கு முன்பே, அதே அமர்வில், ஆகச் சிறிய தொகுப்பாகப் போடுங்கள். 2 ஜிபி ரம் உள்ள போன் அதற்கு மேல் தாங்காது. ஆனால் போர்ட் செய்த ரொம்மைச் சோதிக்கும்போது கூகுள் அப் இல்லாமலே ஏற்றுங்கள், சந்தேகப்பட ஒரு இடம் குறையும்.

முதல் தடவை எழும்பப் பத்து நிமிடம் வரை எடுக்கலாம். எங்கே நிற்கிறது என்பதே பாதி விடை. சம்சுங் எழுத்திலேயே நின்றால் கேர்னல் அல்லது அதோடு ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான ராம்டிஸ்க். ரொம்மின் அசையும் படம் வந்து முடிவில்லாமல் ஓடினால் கேர்னல் சரி, மேலே ஏதோ ஒரு சேவை விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. முகப்பு வந்து கமராவோ ஒலியோ மட்டும் இல்லை என்றால், பெரும்பாலும் புளொப்.

இங்கிருந்து ஊகத்துக்கு இடமில்லை, போன் தன் நடப்புகளை எழுதும் பதிவான லொக் சொல்வதைக் கேட்க வேண்டும். தொடங்குபவர்கள் ஆகக் கூடுதலாக நேரத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். ஒரு வரியை மாற்றிப் பார்ப்பார்கள், இன்னொரு வரியை எடுத்துப் பார்ப்பார்கள், ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் பில்ட் ஓடும். அதற்குப் பதில் பில்ட் வகையை யூசர்டிபக் என்று வைத்து, கணினியில் இருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி, அனுமதி கேட்காமலே திறக்கும்படி பண்புக் கோப்பில் அமைத்துவிட்டால், அசையும் படம் ஓடும்போதே கணினியில் லொக்கெட்டை (அன்ட்ரொய்ட்டின் லொக்) இழுக்கலாம். சம்சுங் எழுத்தில் நிற்கும் போனில் ஏடிபி வராது. அப்போது ரிக்கவரிக்குள் போய், புரொக் அடைவில் இருக்கும் லாஸ்ட்-கேஎம்எஸ்ஜி கோப்பை எடுங்கள். முந்தைய எழுச்சியில் கேர்னல் கடைசியாகச் சொன்னது அதில் இருக்கும். அதற்குப் பட்டரியைக் கழற்றாமல், பொத்தான்களை அழுத்தியே ரிக்கவரிக்குப் போக வேண்டும். கரண்ட் அறுந்தால் அந்த நினைவு அழிந்துவிடும்.

லொக்கெட் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். கடைசி வரியைப் பார்க்காதீர்கள், முதன்முதலாக விழுந்த சேவையைத் தேடுங்கள். கமரா சேவையை எடுத்துக்கொள்வோம். அது திரும்பத் திரும்ப விழுகிறது. மேலே ஏறிப் பார்த்தால், டிஎல்ஓப்பன் தோல்வி, இன்ன கமரா லைப்ரரி இன்ன சிம்பலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும். பொருள் இதுதான்: 2014இன் புளொப், அன்ட்ரொய்ட்டின் ஒரு பழைய ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது; புதிய பதிப்பில் அந்தப் பெயர் இல்லை, அல்லது அதன் அளபுருக்கள் மாறிவிட்டன. புளொப்பைத் திருத்த முடியாது. ஆகவே அந்தப் பழைய பெயரில் ஒரு ஃபங்ஷனை நாமே எழுதி, உள்ளே புதிய ஃபங்ஷனை அழைக்கச் செய்து, ஷிம் எனப்படும் சிறு லைப்ரரியாகக் கட்டி, புளொப் அதையும் ஏற்றும்படி இணைக்கிறோம். பத்துப் பதினைந்து வரி சி++ போதும். இதே குடும்பப் போனுக்கு யாராவது எழுதிய ஷிம் இருந்தால் அதையே பாவியுங்கள்.

எழுச்சி வரும் வரை எஸ்ஈலினக்ஸைப் பெர்மிசிவ் நிலையில், அதாவது மீறலைத் தடுக்காமல் லொக்கில் மட்டும் எழுதும் நிலையில், வைக்கலாம், கேர்னல் கட்டளை வரியில் சேர்த்தால் போதும். எழும்பிய பிறகு லொக்கில் 'ஏவிசி டினைட்' என்று வரும் வரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அனுமதி விதி எழுதி, மீறலைத் தடுக்கும் என்ஃபோர்சிங் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெர்மிசிவ் நிலையில் இருக்கும் ரொம்மை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: போனின் காவலையே கழற்றி வைத்துவிட்டு 'எல்லாம் வேலை செய்கிறது' என்று கொடுப்பது, வாங்கியவரை ஏமாற்றுவது.

திருத்தும் ஒழுங்கு: திரை, தொடுகை, ஒலி, வைஃபை, சிம், சென்சர்கள், கமரா கடைசி. சிம் எழும்பாமல் பேஸ்பேண்ட் (மொடெம் மென்பொருளின் பதிப்பு) 'தெரியாது' என்று காட்டினால் ரேடியோவுக்கென்று தனி லொக் உண்டு, அதை இழுங்கள். ஜிபிஎஸ்ஸை வீட்டுக்குள் சோதித்து ஏமாற வேண்டாம். டச் பே கடற்கரைக்குப் போய், திறந்த வானத்தின் கீழ் டேட்டாவை அணைத்து வைத்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர் வலை போட்ட இடத்தைக் குறிக்கப் பாவிக்கப் போகும் போன் என்றால், இந்தச் சோதனை கமராவை விட முக்கியம்.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

என்னென்ன வேலை செய்யாது என்பதை முதலில் சொல்லுங்கள். சம்சுங் போன்களில் வோல்டி (4ஜியில் அழைப்பு) கஸ்டம் ரொம்மில் வராது, அதற்கான பகுதி கம்பனியின் பூட்டிய சொத்து. அழைப்பு 3ஜி அல்லது 2ஜியில்தான் போகும், ஆகவே அவருடைய வீட்டில் அந்தச் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அப்கள் கூகுளின் நம்பகச் சோதனையில் தோற்று, திறக்க மறுக்கலாம். "தம்பி, பேங்க் அப் ஓடுமா?" என்று ஒருவர் கேட்டால், அவர் கண் முன்னால் நிறுவித் திறந்து காட்டுங்கள். ஓடாவிட்டால் அவருக்கு இந்த ரொம் வேண்டாம்.

பொதுவில் வெளியிடுவதானால், அதிகாரப்பூர்வமற்றது என்று பெயரிலேயே போடுங்கள். கேர்னலில் கை வைத்திருந்தால் உங்கள் கேர்னல் மூலநிரலையும் வெளியிட வேண்டும். சம்சுங்கை வெளியிட வைத்த அதே ஜிபிஎல் உங்களுக்கும் பொருந்தும். எந்த மொடலில் சோதித்தீர்கள், எதில் சோதிக்கவில்லை, எந்த ட்ரீயில் இருந்து எடுத்தீர்கள், ஈஎஃப்எஸ் பிரதி எடுக்காமல் ஏற்றக் கூடாது என்பதை ஸிப் கோப்பின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தமிழிலும் எழுதுங்கள்.